நாடிகளும் எலும்புகளும்: படப் பரிசோதனைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கதிரியல் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், நாடிகளையும் (இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்களையும்) எலும்புகளையும் காட்டும் படங்கள் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எந்தப் படமும் அதனிடம் கேட்கப்பட்ட கேள்விக்கே பதில் சொல்லும். ஆகவே படம் எடுக்கச் செல்லும்போது எங்கே, எப்போதிருந்து, என்ன செய்கையில் நோகிறது என்பதைக் கோரிக்கைப் படிவத்தில் எழுதுவித்துக் கொள்ளுங்கள்.

கிளிநொச்சி: மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து கையூன்றி விழுந்தான். எக்ஸ்றேயில் முறிவில்லை என்றார்கள். ஒரு கிழமையாகியும் மணிக்கட்டு நோகிறது.

பெருவிரலை விரித்து உயர்த்தும்போது அதன் அடியில் தோன்றும் சிறு குழியை அழுத்திப் பாருங்கள். அங்கே நோவிருந்தால் ஸ்கபொயிட் என்னும் சிற்றெலும்பு முறிந்திருக்கக்கூடும். முதல் நாள் எக்ஸ்றேயில் அதன் முறிவுகளில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை தெரியாமற் போகும். அந்த எலும்புக்குக் குருதி விரற்பக்கமிருந்து பின்னோக்கிச் செல்வதால், கவனியாது விட்ட முறிவில் பின்பகுதி குருதியின்றி இறந்துவிடலாம். கையை அசையாமற் கட்டிவைத்து, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் எக்ஸ்றே எடுக்க வேண்டும், வசதியிருந்தால் எம்.ஆர்.ஐ. உடனேயே காட்டிவிடும்.

வவுனியா: அப்பாவுக்கு நீண்டகாலமாகச் சலரோகம். கால்விரல் கறுத்துப் புண்ணாகியிருக்கிறது. கணுக்கால் அழுத்தப் பரிசோதனையில் 1.5 வந்ததால் இரத்த ஓட்டம் நன்றாயிருக்கிறது என்று நினைத்திருக்கிறோம்.

தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம். கணுக்காலின் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் அந்த எண் 0.9க்குக் குறைந்தால் நாடி ஒடுங்கியிருக்கிறது என்பது பலருக்கும் தெரியும், 1.4க்கு மேற்போனாலும் அது நலத்தின் அடையாளமல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. சலரோகத்தில் நாடிச் சுவரிலே கல்சியம் படிந்து இறுகிவிடுவதால், காற்றுப்பட்டி எவ்வளவு இறுக்கினாலும் நாடி நசியாது. எண் பொய்யாக உயர்ந்து நிற்கும். விரல் நாடிகள் அந்த அளவுக்கு இறுகுவதில்லையாகையால் கால்விரலின் அழுத்தத்தை அளப்பது நல்லது. குருதி ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கானும் தேவை. நல்ல நாடியின் ஒலி மூன்று கட்டங்களாகக் கேட்கும். அடைப்புக்குக் கீழே அது ஒரே மந்தமான இரைச்சலாகிவிடும்.

சாயம் ஏற்றி எடுக்கும் சி.ரி.யிலும் கல்சியம் உண்மையான பருமனைவிடப் பெரிதாகத் தெரிந்து, ஒடுக்கத்தை மிகைப்படுத்திக் காட்டும். உங்கள் மாவட்டத்திலே சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் கிராமங்கள் உள்ளன. எனவே சாயத்துக்கு முன்னர், சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் கிரியற்றினின் பார்த்தே ஆக வேண்டும். புண்ணுக்கடியில் எலும்பில் கிருமி தொற்றியிருந்தால் எக்ஸ்றேயில் அது தெரிய ஏறத்தாழ இரண்டு கிழமையாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாளைக்கே அவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

மல்லாவி: வயது 45. நாரி நோவுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூன்று இடங்களில் முள்ளெலும்புகளுக்கிடையிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கிறதாம். சத்திரசிகிச்சை வேண்டுமா?

2015இல் வெளியான, எந்த நோவுமற்ற 3110 பேரின் படங்களைத் தொகுத்த ஆய்வில், 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் தட்டுப் பிதுக்கம் இருந்தது. படத்தில் இருப்பதாலேயே அதுதான் உங்கள் நோவுக்குக் காரணம் என்றாகாது. காலில் பலம் குறைதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடின்றிப் போதல், இருக்கைப் பகுதி மரத்தல் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஒட்டுசுட்டான்: எனக்கு இரண்டு இடங்களில் பிதுக்கம்...

மேலே எழுதியதைப் படியுங்கள்.

மாங்குளம்: அறிக்கையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். பாரதூரமா?

உடலைச் சோதிக்காமல் அறிக்கைக்கு மட்டும் விளக்கம் சொல்ல மாட்டேன். இனி வரும் பிதுக்கக் கேள்விகளுக்கும் இதுவே பதில்.

புதுக்குடியிருப்பு: தொடையில் 2009ஆம் ஆண்டுச் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

எம்.ஆர்.ஐ. வலுவான காந்தத்தால் இயங்குவது, ஆகவே துண்டு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்றே துண்டின் இடத்தைக் காட்டுமேயன்றி, அது காந்தத்துக்கு இழுபடும் உலோகமா என்பதைக் காட்டாது. தசைக்குள் பல வருடம் கிடந்து தழும்பு சூழ்ந்த துண்டு பெரும்பாலும் அசையாது. ஆனால் கண், மூளை, முண்ணாண், பெருநாடி ஆகியவற்றுக்கு அருகில் என்றால் நிலைமை வேறு.

விசுவமடு: வெளிநாட்டிலுள்ள என் மச்சானுக்கு உடலெங்கும் துண்டுகள்; எம்.ஆர்.ஐ. எடுத்து ஒன்றும் ஆகவில்லை. வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

அவருக்கு இடம் பார்த்துத்தான் அனுமதித்திருப்பார்கள். 1986இல் பதிவான நிகழ்வொன்றில், கண்ணுக்குள் உலோகத் துணுக்கு இருந்தது தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டவருக்குக் கண்ணுக்குள் குருதி கசிந்தது. அக்கருவியின் காந்த வலு 0.35 ரெஸ்லா மட்டுமே. இன்று வழக்கிலுள்ளவை 1.5 அல்லது 3. ஒருவரின் நற்பேறு இன்னொருவரின் கண்ணுக்கு உத்தரவாதமாகாது.

முள்ளியவளை: படம் எடுக்காத நேரம் காந்தம் அணைந்திருக்கும்தானே?

இல்லை. இரவும் பகலும் அது இயங்கிக்கொண்டேயிருக்கும். அறைக்கதவுக்கு வெளியிலேயே கேள்விகள் முடிந்திருக்க வேண்டும்.

விசுவமடு: அப்படியானால் துண்டுள்ளவர்கள் எல்லோருக்கும் சி.ரி. போதுமே?

எப்போதும் போதாது. சி.ரி.யில் உலோகத்தைச் சுற்றி வெள்ளைக் கீற்றுகள் விழுந்து, பக்கத்திலுள்ள நாடியை மறைத்துவிடும். அங்கே டொப்ளர் உதவும். பழைய காயத்தின் மேல் கைவைக்கும்போது பூனை உறுமுவது போன்ற அதிர்வு உணரப்பட்டால், நாடியும், குருதியை இதயத்துக்குத் திருப்பும் நாளமும் துளைபட்டு இணைந்திருக்கலாம். இது பல வருடங்களுக்குப் பின்னரும் வெளிப்படும். இங்கே இத்தனை பேர் துண்டுகளோடு வாழ்கிறார்கள் என்பதால் திரும்பவும் கேட்கிறேன்: வெட்கப்படாமல், மறக்காமல், ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

மன்னார்: கால் நரம்பு புடைத்திருக்கிறது.

அது நாளம், சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டுங்கள்.

துணுக்காய்: அம்மாவுக்கு 68 வயது. எக்ஸ்றேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். எலும்புத் தேய்வு இல்லை என்று கொள்ளலாமா?

கொள்ளக்கூடாது. எலும்பின் கனிமத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இழக்கப்பட்ட பின்னரே சாதாரண எக்ஸ்றேயில் அது புலப்படும். டெக்ஸா என்னும் அடர்த்திப் பரிசோதனையில் ரி-ஸ்கோர் என்னும் எண் -2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் எலும்பு நலிவு (நீங்கள் சொல்லும் எலும்புத் தேய்வு) என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வழுக்கி விழுந்து இடுப்பு நொந்து, எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை என்றாலும், அவரால் அந்தக் காலில் பாரம் கொடுத்து நிற்க முடியாவிட்டால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.ரி. கேளுங்கள்.