சின்னக் கல்லுக்கு ஏன் இவ்வளவு வலி?

சிறுநீரகத்தில் பெரிய கல் இருந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு, 5 மி.மீ. கல் ஒன்று ஆளைச் சுருட்டிப் போடுவதும் உண்டு. ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கல் உரசிக் கீறுவதால்தான் வலி என்று பலரும் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல, அடைப்பு.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், அகலம் 3, 4 மி.மீ.தான். அதில் கல் சிக்கினாலும் சிறுநீரகம் வேலையை உடனே நிறுத்திவிடாது. சிறுநீர் மேலே தேங்கி, அழுத்தம் ஏறி, சுவர் இழுபடுகிறது. இழுபட்ட உட்சுவர்ச் செல்கள் ஏடிபி என்ற வேதிப்பொருளை வெளியே விடுகின்றன. (செல்லுக்குள் இருக்கும்வரை ஆற்றல் தருகிற அதே ஏடிபிதான், வெளியே வந்தால் அபாய மணி.) அருகிலுள்ள நரம்பு முனைகள் அதை உணர்ந்து தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன.

விலாவில் தொடங்கும் வலி தொடை இடுக்குக்கு இறங்குவதேன்? இரண்டு இடத்து நரம்புகளும் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் சேர்கின்றன. மூளைக்கு இடம் பிரிக்கத் தெரிவதில்லை.

அப்புறம், வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கல் விழுந்துவிடும் என்பார்கள். அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரண ஊசி பலன் தருவதற்குக் காரணம், அது உடலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைக் குறைத்து உள்ளழுத்தத்தைத் தணிப்பதுதான். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. வலியோடு காய்ச்சலும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.