நாலு மணி கோலாவும் தைராய்டு மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 38. தைராய்டு சுரப்பு குறைவு என்று மூன்று வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். மாலை நாலு மணியானால் உடம்பு அசந்துவிடுகிறது. அரை லிட்டர் கோலா குடித்தால்தான் வேலை ஓடுகிறது. "இதைக் குடித்துத்தான் உனக்குத் தைராய்டே வந்தது" என்கிறார் நாத்தனார். நிஜமா? மாத்திரையின் பலனையும் இது கெடுக்குமா?

பதில்: கோலாவால் தைராய்டு வராது. பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலோ, அயோடின் பற்றாக்குறையாலோதான் சுரப்பு குறைகிறது. இதை நாத்தனாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் சொல்லாதீர்கள்.

ஏனென்றால் அந்த அரை லிட்டரில் சுமார் 53 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு காலி டம்ளரில் டீஸ்பூனால் சர்க்கரையை எண்ணிப் போட்டுப் பாருங்கள். பதிமூன்று ஸ்பூன் போக வேண்டும். நாள் முழுவதற்கும் சேர்த்தே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும். சர்க்கரை தன் பங்குக்கு ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஏற்றும். குடித்தது வயிற்றில் நிற்காததால் இரவுச் சாப்பாடும் குறையாது. தைராய்டால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். மிச்சப் பழியையும் தைராய்டின் தலையில் போட்டுவிட்டு நாம் பாட்டிலைக் காப்பாற்றிவிடுகிறோம்!

காலையில் போட்ட மாத்திரையை நாலு மணி கோலா ஒன்றும் செய்யாது. காலைக் காபிதான் அதன் பலனைக் கெடுக்கும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

சரி, அந்த அசதி? கோலாவிலுள்ள சர்க்கரையும் காஃபீனும் அதைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். மாத்திரை அளவு போதாமல் இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், தூக்கம் குறைவாக இருக்கலாம். தூக்கம்தான் காரணம் என்றால், மாலை காஃபீன் அதை இன்னும் கெடுக்கும். மாத்திரை அளவு போதுமா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம். டாக்டர் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபின், சர்க்கரை அளவு இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அதுவரை அரை லிட்டர் பாட்டிலுக்குப் பதில் சின்ன பாட்டில் வாங்குங்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.