வெள்ளையாக மின்னும் மோதிரம் எல்லாம் பிளாட்டினமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் தன் நிச்சயதார்த்தத்திற்கு வெள்ளை மோதிரம்தான் வேண்டும் என்கிறாள். பட்டணத்து நகைக்கடையில் ஒன்றைக் காட்டி, பிளாட்டினத்துக்கு ஈடானது என்று சொல்லி நல்ல விலையும் கேட்கிறார்கள். உட்புறம் 750 என்று பொறித்திருக்கிறது. வாங்கலாமா? பிளாட்டினம் ஏன் அவ்வளவு அரிது?

பதில்: அம்மா, 750 என்றால் அது 18 காரட் தங்கம். நூற்றுக்கு 75 பங்கு தங்கம். வெளுப்பதற்காக மீதியில் பல்லேடியமோ நிக்கலோ கலந்திருப்பார்கள். நிக்கல் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. மேலே ஜொலிப்பது பெரும்பாலும் ரோடியம் முலாம். அது தேய்ந்தால் மஞ்சள் சாயல் தலைகாட்டும், மறுபடியும் முலாம் பூச வேண்டும். நல்ல நகைதான், ஆனால் பிளாட்டினத்தின் பெயரைச் சொல்லி விலை ஏற்றினால் கொடுக்காதீர்கள். அசல் பிளாட்டின மோதிரத்தில் பொதுவாக 950 என்ற முத்திரை இருக்கும்.

உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைப் பகுதியிலிருந்து வருகிறது. 1924-இல் ஹான்ஸ் மெரென்ஸ்கி அங்கே கண்டறிந்த தாதுப் படுகை பல இடங்களில் ஒரு மீட்டர் தடிமன்கூட இல்லை. ஒரு டன் பாறையைப் பெயர்த்தால் பிளாட்டினமும் அதன் உறவு உலோகங்களும் சேர்ந்தே சில கிராம்தான் தேறும். பாறையை மாவாக அரைத்து, நீரும் ரசாயனமும் கலந்து, காற்றை ஊதுவார்கள். உலோகத் துகள்கள் குமிழிகளில் ஒட்டி நுரையோடு மேலே வரும். அதை வழித்தெடுத்து, மின் உலையில் உருக்கிக் கசடை நீக்குவார்கள். பிறகு இரும்பு, கந்தகம், நிக்கல், செம்பு என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். எஞ்சியதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் குளோரினிலும் கரைத்து அம்மோனியம் குளோரைடு சேர்த்தால், பிளாட்டினம் மஞ்சள் உப்பாகப் படியும். அந்த உப்பைச் சூடாக்கினால் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோன்ற உலோகம் கிடைக்கும். சுரங்கத்திலிருந்து இதுவரை வரப் பல மாதங்கள் ஆகலாம். உங்கள் மோதிரத்தின் முலாமான ரோடியமும் இதே பாறைகளில் கிடைப்பதுதான்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்தும், 2015-க்குப் பிறகு பிளாட்டினத்தின் கிராம் விலை பெரும்பாலும் தங்கத்தைவிடக் குறைவு. ஆனால் அது கனமான உலோகம். அதே அளவு மோதிரத்துக்கு எடை கூடும். உருகுநிலையும் 1,768 பாகை. தங்கத்துக்கு 1,064 தான். ஆகவே அளவு மாற்றவோ பழுது பார்க்கவோ சின்னப் பட்டணத்துப் பட்டறையில் முடியாமல் போகலாம். விற்கவோ அடகு வைக்கவோ போனாலும் 916 முத்திரையுள்ள 22 காரட் தங்க நகையை எடுத்துக்கொள்வதுபோல் சட்டென்று எடுக்கமாட்டார்கள். அவசரத்துக்கு உதவும் சேமிப்பாகவும் நினைத்தால், நான் 916-ஐத்தான் சொல்வேன்.

வெள்ளை மோதிரமே வேண்டுமென்றால், உலோகத்தின் பெயர், தரம், எடை, செய்கூலி ஆகிய நான்கையும் ரசீதில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ரசீதில் பிளாட்டினம் என்று எழுதி வேறொன்றைக் கொடுத்திருந்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.