நோட் பில் எகிறுகிறதா? காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகள்

பிளாக்செயின் நோட்டை (சங்கிலியின் பதிவுகளை வைத்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லும் கணினியை) நாமே ஓட்டாமல் ஆல்கெமி, இன்ஃபியூரா, குவிக்நோட் போன்றவர்களிடம் பயன்படுத்திய அளவுக்குக் காசு கட்டி வாங்குவது பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவை.

தேவகோட்டை: அண்ணே, ரிக்வெஸ்ட்டுக்கு (நோட்டிடம் கேட்கும் ஒரு கேள்விக்கு) இவ்வளவு என்று சொல்லாமல் கம்ப்யூட் யூனிட், கிரெடிட் என்று ஏன் சுற்றி வளைக்கிறார்கள்?

மின்விசிறியும் ஏசியும் ஒரு மணி நேரம் ஓடினால் ஈபி மீட்டர் ஒரே அளவா காட்டுகிறது? கடைசி பிளாக்கின் (பரிவர்த்தனைகளின் ஒரு கட்டின்) எண்ணைக் கேட்டால் நோட் சட்டென்று சொல்லிவிடும். ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் ஒரு காண்ட்ராக்ட்டின் (சங்கிலியில் ஓடும் நிரலின்) பழைய லாக்குகளை, அதாவது அது எழுதிவைத்த குறிப்புகளைத் தேடச் சொன்னால் திணறும். ட்ரேஸ் (ஒரு பரிவர்த்தனை உள்ளே படிப்படியாக என்ன செய்தது என்ற விவரம்) கேட்டால் அந்தப் பரிவர்த்தனையையே மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அதனால் மெத்தடுக்கு மெத்தட், அதாவது கேள்வியின் வகைக்கு வகை, எடை வேறு; அந்த எடையைத்தான் கம்ப்யூட் யூனிட், கிரெடிட் என்று எண்ணுகிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனியும் வேறு. ஒருவர் தரும் பத்து லட்சம் கிரெடிட்டும் இன்னொருவர் தரும் பத்து லட்சமும் ஒன்றல்ல. உங்கள் ஆப் எந்த மெத்தடை எத்தனை முறை கூப்பிடுகிறது என்று டாஷ்போர்டில் பார்த்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள்.

ஆத்தங்குடி: டைல்ஸ் எந்தப் பட்டறையில் செய்தது என்பதை எத்தீரியம் என்கிற பிளாக்செயினில் பதிந்து, பெட்டியில் க்யூஆர் ஒட்டுகிறோம். பார்ப்பவர்களே கொஞ்சப் பேர்தான். நோட் கம்பெனி தரும் இலவச அளவு எப்படித் தீருகிறது?

ஆள் கணக்கு இங்கே உதவாதும்மா. க்யூஆரில் திறக்கும் பக்கம் நொடிக்கு ஒருமுறை நோட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். யாரோ மூடாமல் விட்ட ஒரே ஒரு டேப், நாளைக்கு 86,400 ரிக்வெஸ்ட். 30 நாளில் 25,92,000. எத்தீரியத்தில் புது பிளாக் வருவதோ 12 நொடிக்கு ஒன்று, நாளைக்கு அதிகபட்சம் 7,200. மீதியெல்லாம் பழைய பதிலையே திரும்பக் கேட்ட காசு.

வெப்சாக்கெட்டில் (திறந்தே இருக்கும் இணைப்பில்) புது பிளாக்குக்கு மட்டும் பதிவு செய்துகொள்ளலாம்; அதற்கும் மீட்டர் உண்டு, குறைவாக ஓடும். ஆனால் உங்களுக்கு அதுவே தேவையில்லை. டைல் செய்த பட்டறை நாளைக்கு மாறப் போகிறதா என்ன? ஒருமுறை படித்து உங்கள் டேட்டாபேஸில் வையுங்கள்.

அப்புறம், ஏபிஐ கீ (நோட் கம்பெனியில் உங்கள் கணக்குக்கான சாவி) வெப்சைட் கோடிலேயே கிடக்கிறதா? எடுத்துக்கொண்டு போய் வேறு யாராவது உங்கள் கணக்கில் ஓட்டலாம். உங்கள் டொமைனுக்கு மட்டும் என்று பூட்டுங்கள், சர்வர் வழியாக அனுப்பினால் இன்னும் நல்லது.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: 50 ரிக்வெஸ்ட்டை பேட்ச்சாக (ஒரே கட்டாக) அனுப்பினால் மிச்சமாகுமா?

பெரும்பாலும் ஆகாது தம்பி, உள்ளே இருக்கும் 50-ஐயும் எண்ணுவார்கள். பல காண்ட்ராக்ட் கேள்விகளைச் சேர்த்துக் கேட்கும் மல்டிகால் காண்ட்ராக்ட் வழியாகப் படித்தால் 50-உம் ஒரே ரிக்வெஸ்ட்டாகப் போகும். இதைத் தெரியாமல் பெரிய பிளானுக்குத் தாவுபவர்கள்தான் அதிகம்.

அதே மாணவர்: கேஸ் கட்டணமும் இதுவும் ஒன்றா?

இல்லை. கேஸ் என்பது பரிவர்த்தனையைப் பதிய நெட்வொர்க்குக்குக் கட்டுவது, இது நோட் கம்பெனிக்கு. வெறுமனே படிக்கக் கேஸ் கிடையாது, நோட் பில் உண்டு.

பள்ளத்தூர்: பேசாமல் சொந்த நோட் ஓட்டினால்? எத்தீரியத்தின் நாணயமான ஈத்தர் 32 வேண்டுமாமே?

32 ஈத்தர் வேலிடேட்டருக்கு (பிளாக்குகளைச் சரிபார்த்து ஒப்புதல் தருபவருக்கு). வெறும் நோட்டுக்கு வேண்டாம். குறைந்தது 2 டிபி எஸ்எஸ்டி, நல்ல இணைப்பு, அறுபடாத மின்சாரம் எல்லாம் வேண்டும். ஆனால் கெத் போன்ற மென்பொருளில் ஓடும் சாதாரண ஃபுல் நோட் கடைசி 128 பிளாக்குகளின் ஸ்டேட்டை (அப்போது யார் கணக்கில் எவ்வளவு என்பது போன்ற நிலையை) மட்டும்தான் கைவசம் வைத்திருக்கும், அரை மணி நேரம்கூட வராது. போன வருடம் ஒருவர் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று கேட்க ஆர்க்கைவ் நோட் வேண்டும், அதற்கு டிஸ்க் இன்னும் பெரிது. சின்ன ஆப்புக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

கோட்டையூர்: மாத அளவு மிச்சம் இருக்கும்போதே 429 பிழை வருகிறதே?

அது பெரும்பாலும் நொடிக்கு இவ்வளவு என்கிற வேக வரம்பு, மாதக் கணக்கோடு சேராது. உடனே திரும்பக் கேட்காமல் 1 நொடி, 2, 4 என்று இடைவெளியைக் கூட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.