பட்டறை மாமா பதில்கள்: டாக்கார் ஓட்டமும் ஸ்டிக்கர் காசும்

போன மாதம் ஒரு பதிலில், போகிற போக்கில், காரும் பைக்கும் லோரியும் நாள்கணக்கில் ஓடும் டாக்கார் பாலைவன ராலியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. செந்தூல் பட்டறைக்கே வந்து, வண்டிக்கு எண்ணெய் மாற்றுகிற சாக்கில் கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. சரி, இந்த மாதம் முழுக்க மணல்தான். கார்புரேட்டர் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

பந்தயம் நடப்பது சவூதி அரேபியாவில். டாக்கார் இருப்பதோ ஆப்பிரிக்காவில். பெயரை மாற்றாமல் ஏன் மாமா ஏமாற்றுகிறார்கள்?
*கல்லூரி மாணவர், ஷா ஆலம்*

பெயரில்தானே தம்பி காசு இருக்கிறது! தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977-இல் வேறொரு பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போய், லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார். வேறு ஆளாக இருந்தால் உயிர் பிழைத்ததே போதும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவர் அங்கேயே ஒரு பந்தயம் நடத்தலாம் என்று கிளம்பினார். 1978 டிசம்பர் 26-ஆம் தேதி பாரிசிலிருந்து 182 வண்டிகள் செனகலின் தலைநகரான டாக்காரை நோக்கிப் புறப்பட்டன. சபீன் 1986 பந்தயத்தின்போது மாலி நாட்டில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார்.

2007 கடைசியில், பந்தயப் பாதையில் இருந்த மௌரித்தானியாவில் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் நால்வர் கொல்லப்பட்டார்கள், பந்தயத்துக்கு மிரட்டலும் வந்தது. 2008 பந்தயம் புறப்படுவதற்கு முதல் நாள் ரத்தானது. அடுத்த ஆண்டு முதல் 2019 வரை தென் அமெரிக்கா, 2020 முதல் சவூதி. டாக்கார் என்ற பெயரை வைத்திருப்பது ஏஎஸ்ஓ என்ற பிரெஞ்சு நிறுவனம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான். முப்பது ஆண்டுகள் கம்பெனிகள் பணத்தைக் கொட்டி உலகத்தின் காதில் ஏற்றிய பெயர் அது. மேடு பள்ளத்தை எந்த நாட்டிலும் பிடிக்கலாம், பெயருக்கு மாற்று எங்கே கிடைக்கும்?

நான் பெட்டாலிங் ஜெயாவில் ரோத்மன்ஸ் ரவுண்டபவுட் பக்கம் வளர்ந்தவன். அந்த ரோத்மன்ஸ் நீலத்திலேயே ஒரு போர்ஷே கார் பாலைவனத்தில் பறக்கும் படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. சிகரெட் கம்பெனிக்கு மணலில் என்ன வேலை?
*ஓய்வுபெற்ற குமாஸ்தா, பெட்டாலிங் ஜெயா*

அண்ணே, அந்தப் படம் இன்னும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிறைய பேர் தேடுகிறார்கள்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் போர்ஷே 959-ஆக இருக்கும். 1986-இல் மூன்று கார்கள் போயின. ரெனே மெட்ஜ் முதலிடம், ஜாக்கி இக்ஸ் இரண்டாமிடம். மற்ற இரண்டுக்கும் உதிரிப் பாகம் சுமந்துகொண்டு பின்னால் போன மூன்றாவது கார்கூட ஆறாவதாக வந்து சேர்ந்தது. அதே ரோத்மன்ஸ் நிறத்தில் ஹோண்டா என்எக்ஸ்ஆர் 750 பைக்கும் ஓடியது. அந்த பைக் 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றது. இன்று பணக்காரப் பையன்கள் ஓட்டும் ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் அந்த பைக்கின் வழியில் பிறந்ததுதான். மற்ற சிகரெட்டுகளும் சும்மா இருக்கவில்லை. பிஎம்டபிள்யூவில் மார்ல்பரோ, பியூஜோவில் மஞ்சள் கேமல், கஜீவா பைக்கில் லக்கி ஸ்ட்ரைக். இந்த லக்கி ஸ்ட்ரைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். சிகரெட் பெயரைப் போடாமல் 'லக்கி எக்ஸ்ப்ளோரர்' என்று எழுதி, அதே சிவப்பு வட்டத்தை ஒட்டினார்கள். பார்க்கிறவனுக்குப் புரியாதா என்ன?

மணலில் என்ன வேலை என்று கேட்டீர்கள். ஐரோப்பாவில் பல நாடுகளில் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் போடக்கூடாது. ஆனால் விளையாட்டுச் செய்தியில் கார் ஓடினால், காரோடு பெயரும் ஓடும். அதுவும் ஆளில்லாத பாலைவனம், தாடி வளர்ந்த ஓட்டுநர், புழுதி. சிகரெட் விற்கிறவனுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. இதே வேலையை நம் நாட்டிலும் பார்த்தோம். 2004 வரை நம் காற்பந்து லீக்கில் டன்ஹில் பெயர்தான். 1993-இல் கேமல் டிராபி என்ற காட்டு வண்டிப் போட்டியை சபா காட்டுக்குள் நடத்தினார்கள். பிறகு பிரான்சில் சிகரெட் விளம்பரத்தைத் தடுக்கும் எவின் சட்டம் வந்தது, 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை வந்தது. சிகரெட் போன இடத்தில் சக்தி பானங்கள் வந்து உட்கார்ந்தன. வோக்ஸ்வாகனும் பியூஜோவும் வென்றபோது ரெட் புல், 2012 முதல் 2014 வரை மினி வென்றபோது மான்ஸ்டர். என்னைக் கேட்டால் சிகரெட் காலத்து வண்ணங்கள்தான் கண்ணுக்கு அழகு. அது போனது நல்லது என்பதும் உண்மை.

பாலைவனத்தில் கழிப்பறை உண்டா?
*பெயர் வேண்டாம், கிள்ளான்*

இரவு முகாமில் உண்டு. பிவுவாக் என்பார்கள், ஒரு சின்ன ஊர் மாதிரி இருக்கும். பகலில் மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம்.

டாக்காரில் ஓட எவ்வளவு செலவாகும்? எல்லாருக்கும் கம்பெனி கொடுக்குமா?
*லோரி ஓட்டுநர், பத்து கேவ்ஸ்*

பைக்குக்கு நுழைவுக் கட்டணம் மட்டுமே பத்தாயிரம் யூரோவுக்கு மேல். பைக், உதிரிப் பாகம், மெக்கானிக், கப்பலில் அனுப்புவது எல்லாம் சேர்த்தால் மொத்தம் ஐம்பதாயிரம் யூரோவைத் தாண்டுவது சாதாரணம். நம் காசுக்கு இரண்டு லட்சம் வெள்ளிக்கும் மேல். காருக்குப் போனால் கணக்கே வேறு.

கம்பெனி சம்பளத்தில் ஓடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர் வீட்டை அடகு வைத்தவர்கள், கடையை விற்றவர்கள், ஊர் முழுக்கக் கையேந்தி ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி வந்தவர்கள். ஒரு வண்டியில் எத்தனை சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். நிறைய ஒட்டியிருந்தால் அது ஏழையின் வண்டி. பெரிய அணியின் வண்டியில் ஒரே பெயர்தான், கதவு முழுக்க இருக்கும். அதற்கு மேல், போட்டி நடத்துகிறவர்களின் ஸ்பான்சர்களுக்கும் வண்டியில் இடம் விட்டுத்தர வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த கூட்டம் ஒன்று உண்டு. மெக்கானிக் கிடையாது, உதவி வண்டி கிடையாது. ஒரு பெட்டி, ஒரு கூடாரம். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, ராத்திரி தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் பைக்குக்குத் தானே டயர் மாற்றுவார்கள். பெட்டியைச் சுமந்து வருவது மட்டும் அமைப்பாளர் வேலை. முன்பு 'மால் மோட்டோ' என்றார்கள், இப்போது அதன் பெயர் 'ஒரிஜினல் பை மோட்டுல்'. எண்ணெய்க் கம்பெனி பெயரை வாங்கிக்கொண்டது. போகட்டும், முகாமில் அவர்கள் ஊற்றப் போவதும் எண்ணெய்தானே. ஓட்டுகிறவன் கையில் பயன்படும் பொருளோடு வருகிற ஸ்பான்சரிடம் எனக்குக் கோபம் வருவதில்லை.

நம் பெட்ரோனாஸ் எண்ணெய்க் கம்பெனி எஃப் ஒன்னில் மட்டும்தான் காசு போடுமா?
*தொழில்நுட்பக் கல்லூரி மாணவி, காஜாங்*

இல்லை தங்கை, டாக்காரிலும் போட்டிருக்கிறது. அதுவும் லோரியில். ஹாலந்து நாட்டு ஜெரார்ட் டி ரோய் 2012-இலும் 2016-இலும் இவெகோ லோரியில் டாக்கார் வென்றார். அந்த அணியின் பெயரிலேயே பெட்ரோனாஸ் இருந்தது. காரணம் லேசானது. 2008-இல் பெட்ரோனாஸ் இத்தாலியின் செலேனியா எண்ணெய்க் கம்பெனியை வாங்கியது. அதோடு யுரேனியா என்ற லோரி எஞ்சின் எண்ணெயும் கைக்கு வந்தது. இவெகோவும் இத்தாலிக் கம்பெனி. லோரி எண்ணெய் விற்க, லோரியையே மணல் மேட்டில் ஏற்றிக் காட்டுவதுதானே முறை? டத்தோக்கள் பார்க்கும் எஃப் ஒன்னைவிட இது நேரான வியாபாரம்.

ஜெரார்டின் அப்பா யான் டி ரோய் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1987-இல் டாஃப் லோரியில் வென்றவர். அடுத்த வருடம் அதே அணியின் இன்னொரு லோரி உருண்டு, உள்ளே இருந்த ஒருவர் இறந்தார். டாஃப் உடனே விலகிக்கொண்டது. கம்பெனி பெயர் வண்டியில் இருந்தால் வெற்றி மட்டுமல்ல, சாவும் அந்தப் பெயரில்தான் எழுதப்படும். விளம்பரத் துறைக்காரர்கள் இதைப் பவர்பாயிண்ட்டில் போடமாட்டார்கள்.

நம்மவர்கள் யாரும் ஓட்டுவதில்லையா?
*வாசகர், பட்டர்வொர்த்*

பெங்களூர்க்காரர் சி.எஸ். சந்தோஷ் 2015-இல் டாக்காரை ஓட்டி முடித்த முதல் இந்தியர். கேரளத்து ஹரித் நோவா 2024-இல் ராலி 2 என்ற இரண்டாம் நிலைப் பிரிவில் முதலிடம், மொத்தப் பட்டியலில் பதினொன்றாவது. அவர் ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்கு. டிவிஎஸ் தமிழ்நாட்டுக் கம்பெனி, ஓசூரில் தொழிற்சாலை. நம் சொந்தக்காரர்கள் ஊரில் தேங்காய் மூட்டை கட்டி ஓட்டிய அதே டிவிஎஸ். ஹீரோ கம்பெனியும் 2017 முதல் ஓடுகிறது. 2024-இல் அவர்கள் பைக்கில் போட்ஸ்வானாவின் ராஸ் பிராஞ்ச் இரண்டாவதாக வந்தார்.

மலேசியாவிலிருந்து என்றால், நம் கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டான் காரில் உலக புரொடக்‌ஷன் ராலி சாம்பியன். அது பாலைவனப் பந்தயம் அல்ல, கடையில் விற்கிற ரகக் கார்களுக்கான ராலி. ஆனால் அந்தத் திறமைக்குப் பின்னால் யாராவது டாக்கார் அளவு பணம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சவூதி பணம் கொடுத்துத் தன் கறையைக் கழுவுகிறது என்கிறார்களே?
*ஆசிரியை, செராஸ்*

டீச்சர், ஆமாம் என்பதுதான் என் பதில். 2020-இல் பந்தயம் அங்கே முதல் முறை ஓடியபோது, பெண்கள் கார் ஓட்டும் உரிமைக்குப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் அதே நாட்டில் சிறையில் இருந்தார். அந்தப் பந்தயத்தில் பெண்களும் கார் ஓட்டினார்கள். இரண்டையும் ஒரே செய்தித்தாளில் படித்தேன். இங்கே ஸ்பான்சர் ஒரு கம்பெனி இல்லை, ஒரு நாடு. கம்பெனி கதவைக் கேட்கும், நாடு பாதையையே கேட்கும். அதே சமயம், ஹெலிகாப்டரில் எடுக்கும் அந்த மணல் மேட்டுப் படங்களை நான் பார்க்காமல் இருப்பேனா என்றால், பார்ப்பேன்.

மாமா, என் மகனுக்குப் பதினேழு வயது. மோட்டோகிராஸ் ஓட்டுகிறான். ஒருநாள் டாக்கார் போவானாம். ஸ்பான்சர் கேட்டுப் பெரிய கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டான், ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. என்ன செய்யலாம்?
*ஒரு தாய், ரவாங்*

அம்மா, கடிதத்தின் நகலை இணைத்திருந்தீர்கள், படித்தேன். முதல் பத்தியில் 'கனவு' ஐந்து தடவை வருகிறது. கொடுக்கிறவனுக்கு உங்கள் மகனின் கனவில் வேலை இல்லை. அவன் சரக்கு எத்தனை கண்ணில் படும் என்றுதான் பார்ப்பான். ஒரே பக்கம் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தடத்தில், எந்த மாதம் ஓடுகிறான், எத்தனை பேர் பார்க்க வருகிறார்கள், யார் படம் எடுக்கிறார்கள், அந்தப் படம் எங்கே போகும், கொடுப்பவர் பெயர் எங்கே இருக்கும். இவ்வளவு போதும்.

அப்புறம், முதலில் காசு கேட்க வேண்டாம். பொருள் கேளுங்கள். செயின், டயர், எஞ்சின் எண்ணெய். ரொக்கத்துக்கு முதலாளி கணக்குப் பிள்ளையைக் கூப்பிடுவார், பொருளென்றால் அலமாரியிலிருந்தே எடுத்துத் தருவார். பெரிய கோபுரத்துக்குப் போவதைவிட, ஜாலான் ஈப்போவில் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் ஓட்டும் பையன்களுக்கு உதிரிப் பாகம் விற்கிற கடைக்குப் போவது நல்லது. அவருடைய வாடிக்கையாளர்தான் உங்கள் மகனைப் பார்க்க வருகிறவர்.

ஸ்டிக்கர் எங்கே ஒட்டுகிறோம் என்பதும் முக்கியம். முன்பு ஒரு பையனுக்குச் செயினும் ஸ்ப்ரோக்கெட்டும் கொடுத்தேன். நன்றியோடு என் பட்டறைப் பெயரை முன் மட்கார்டில் ஒட்டினான். முதல் சுற்றிலேயே சேறு மூடிவிட்டது. அவன் அக்கா புத்திசாலி. அடுத்த பந்தயத்துக்கு நெஞ்சிலும் ஹெல்மெட்டின் வாய்ப் பகுதியிலும் தைத்தும் ஒட்டியும் அனுப்பினாள். படம் எடுப்பவன் முகத்தைத்தானே எடுப்பான்? அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டு சிலர் பட்டறைக்கு வந்தார்கள். அடுத்த வருடம் அந்தப் பையன் கேட்பதற்கு முன்பே டயர் எடுத்து வைத்தேன்.

பந்தயம் முடிந்ததும், தோற்றிருந்தாலும், நான்கு படத்தோடு கொடுத்தவருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பெரும்பாலான பையன்கள் இதைச் செய்வதில்லை, அதனால்தான் இரண்டாம் முறை கதவு திறப்பதில்லை. கூடவே பாதை வரைபடம் படிக்கவும் பழகட்டும். டாக்காரில் வேகமாக ஓட்டி வழியைத் தொலைத்தவன், மெதுவாகச் சரியாகப் போனவனுக்குப் பின்னால்தான் வந்து சேர்வான். பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட வேண்டாம். ஸ்பான்சர் கடிதத்தை ஒழுங்காக எழுதவாவது அது வேண்டும்.

இங்கே எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?
*வாசகர், பிரிக்பீல்ட்ஸ்*

சவூதி நேரம் நமக்கு ஐந்து மணி நேரம் பின்னால். அங்கே காலை ஏழுக்குக் கிளம்பினால் இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். ஜனவரி முதல் பாதியில் நடக்கும். அன்றைய சுருக்கக் காட்சி நமக்கு வரும்போது பெரும்பாலும் நள்ளிரவைத் தாண்டிவிடும். மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்கள் கைப்பேசியில் முடிவை மட்டும் பார்த்துவிட்டு, காட்சியை வாரக் கடைசியில் பாருங்கள்.