பந்தலூர் ஏற்றத்துக்கு எந்த ஃபோர் பை ஃபோர்?

கேள்வி: பந்தலூர் பக்கம் இருக்கிறேன். கூடலூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. போக வர தினமும் சுமார் 50 கிலோமீட்டர். இப்போது 2012 ஆல்டோ ஓட்டுகிறேன். தார்ச் சாலையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்கு 800 மீட்டர் மண்பாதை, அதிலும் கடைசி 200 மீட்டர் செங்குத்து ஏற்றம். ஜூன் பிறந்தால் வண்டி மேலே ஏறாது. போன ஜூலையில் மாமியாருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறல் வந்தபோது நாற்காலியில் உட்கார வைத்துத்தான் கீழே தூக்கி வந்தோம். பிரிவு 17 நிலம் (கூடலூர் ஜன்மி நில ஒழிப்புச் சட்டத்தில் உரிமை இன்னும் முடிவாகாத நிலம்) என்பதால் பாதைக்கு காங்கிரீட் போட அனுமதி கிடைக்கவில்லை. கையில் 7 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. தேயிலை வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல், சம்பளத்தில் மாதம் 18,000 மிஞ்சுகிறது. மகள் பிளஸ் ஒன். ஆல்டோவுக்கு 1.25 லட்சம் கேட்கிறார்கள். மூன்று வண்டிகள் பார்த்தோம்: சுல்தான் பத்தேரியில் 2016 ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. (இதுவும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் வகை) டீசல், கேரளப் பதிவு, 82,000 கி.மீ., 5.40 லட்சம்; 2017 மஹிந்திரா தார், 7.75 லட்சம்; 2023 மாருதி ஜிம்னி, 10.25 லட்சம். கடைசி இரண்டும் தமிழ்நாட்டுப் பதிவு. தம்பி தார்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: ஃபோர் பை ஃபோர் கேட்டு எழுதும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு, நல்ல டயர் போட்ட சாதாரண காரே போதும் என்றுதான் பதில் எழுதுவேன். உங்களுக்கு அப்படி எழுத முடியாது. தேவாலா, பந்தலூர் மழை தெரிந்த யாரும் எழுத மாட்டார்கள். மழை நான்கு மாதமும் வாடகை ஜீப் வைத்துக்கொண்டால் செலவு குறையும்தான், ஆனால் நள்ளிரவு ஒரு மணிக்கு அந்த ஜீப் வர வேண்டுமே. அதனால் வண்டி தேவையா என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்த வண்டி உங்கள் வீட்டுக் கணக்கைக் குலைக்காது என்று மட்டும் பார்க்கிறேன்.

தம்பி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, தாரை முதலில் தள்ளிவிடலாம். 2017 தாரில் ஏர்பேக்கும் கிடையாது, ஏ.பி.எஸ்ஸும் கிடையாது. பின்னால் உட்காருபவர்கள் பக்கவாட்டுப் பெஞ்சில் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார வேண்டும். மூச்சுத் திணறும் மாமியாரை அதில் ஏற்றிப் போவதை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் 1,500 சி.சி.யைத் தாண்டுவதால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 7,897 ரூபாய். மற்ற இரண்டுக்கும் 3,416தான் (2022 ஜூனில் வந்த கட்டணம் இது). மேலே கேன்வாஸ் கூரை, வெளியே பந்தலூர் மழை, ராத்திரி வழியில் யானை. ஞாயிற்றுக்கிழமை வண்டியாக அது அருமைதான். தினமும் 50 கிலோமீட்டர் பள்ளிக்கு ஓட்ட வேண்டாம்.

மிச்சம் டஸ்டரும் ஜிம்னியும். இரண்டுமே உங்கள் ஏற்றத்தை ஏறும், ஏறும் விதம்தான் வேறு. ஜிம்னியில் தனியாக ஒரு சின்ன லீவர் உண்டு. அதை 4எல் என்ற லோ ரேஞ்சுக்கு, அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் நிலைக்கு, போட்டால் சேற்றில் நடை வேகத்தில் ஊர்ந்து ஏறும். ஆனால் 4எச் (சாதாரண வேகத்துக்கான ஃபோர் பை ஃபோர் நிலை), 4எல் இரண்டையும் காய்ந்த தார்ச் சாலையில் போடக் கூடாது, கியர் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். டஸ்டரில் லோ ரேஞ்ச் இல்லை. அதற்குப் பதிலாக முதல் கியரையே மிக மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும்படி வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் வைத்துவிட்டால், முன் சக்கரம் வழுக்கும்போது பின் சக்கரத்துக்குத் தானே சக்தி போகும். சேற்றுக்கு முன்னால் லாக் போட்டுக்கொள்ளலாம். பாதையில் ஆழமான குழிகள் இல்லையென்றால் இது போதும். மற்றபடி தினசரி ஓட்டத்துக்கு டஸ்டர்தான் சுகம். பின்சீட் அகலம், குலுக்கலும் குறைவு. ஜிம்னியில் நான்கு பேர்தான், பின்சீட்டை நிமிர்த்தி வைத்தால் டிக்கியில் அதிகம் வைக்க முடியாது.

சரி, பணத்துக்கு வருவோம். 5.40 லட்சம் டஸ்டர், 10.25 லட்சம் ஜிம்னி. பாதி விலை மாதிரிதான் தெரிகிறது. அந்த 5.40-இல் என்னவெல்லாம் இல்லை என்பதையும் பாருங்கள்.

முதலில் அது கேரளப் பதிவு. அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் இங்கே வரி ஏறியது. 10 முதல் 20 லட்சம் வரையிலான புது வண்டிக்கு இப்போது 18 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். ஆனாலும் கணக்கு நீங்கள் தரும் 5.40-ஐ வைத்து அல்ல, வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலையை வைத்து. ஒரு லட்சத்தைத் தொட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆர்.சி. நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்த் தொகையைக் கேட்டுவிடுங்கள். மீதிக் காலத்து வரியைக் கேரளத்தில் திரும்பக் கேட்க வழி உண்டு. அது கைக்கு வரும்வரை கணக்கில் எழுத வேண்டாம். எல்லையோர ஊர்களில் கே.எல். வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

இரண்டாவது, டைமிங் பெல்ட். இந்த டீசல் எஞ்சினில் அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். பத்து வருடம் ஆன, 82,000 ஓடிய வண்டியில் பெல்ட் மாற்றிய பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். “மாத்தியாச்சு சேச்சி” என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை.

மூன்றாவது, டயர். ஏ.டபிள்யூ.டி. வண்டியில் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு மொட்டை என்று ஓட்டியிருந்தால், முன்பின் அச்சுகளை இணைக்கும் கப்ளிங் வீணாக உழைத்துச் சூடேறியிருக்கும். அந்தப் பாகம் போனால் சாதாரண டஸ்டரிலிருந்து கழற்றிப் போட முடியாது, ஏனென்றால் அதில் அது இருக்கவே இருக்காது. இங்கே டீசல் டஸ்டரே 2020-இல் நின்றுவிட்டது.

நான்காவது, கடன். பத்து வயதை எட்டும் வண்டிக்கு வங்கிகள் பெரும்பாலும் கடன் தருவதில்லை. ஆகவே டஸ்டர் என்றால் முழுக்க உங்கள் எஃப்.டி.யிலிருந்துதான்.

இதையெல்லாம் சேர்த்தால் பத்தேரி வண்டி ஏழரை லட்சத்தை நெருங்குகிறது. அந்த விலைக்கு அது வேண்டாம். அதே வண்டி தமிழ்நாட்டுப் பதிவில் 6 லட்சத்துக்குக் கிடைத்தால் கதை வேறு. டயர், பெல்ட், இன்ஷூரன்ஸுக்கு 90,000 ஒதுக்கினால் மொத்தம் 6.90. ஆல்டோ போக எஃப்.டி.யிலிருந்து 5.65 எடுக்கிறீர்கள், 1.35 மிஞ்சுகிறது. கடன் இல்லை.

ஜிம்னிக்கு எஃப்.டி.யில் 4 லட்சமும் ஆல்டோ பணமும் போட்டு 5 லட்சம் கடன் வாங்குகிறீர்கள் என்று வைப்போம். 12 சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை 11,122 ரூபாய். வட்டி மட்டும் 1.67 லட்சம். எஃப்.டி.யில் 3 லட்சம் இருக்கும்.

இப்போது மாதச் செலவு. வருடம் 15,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள். மலைப்பாதையில் ஜிம்னி லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால், பெட்ரோல் 102 ரூபாய் வீதம் வருடம் 1.27 லட்சம். டஸ்டர் 14 கொடுத்தால், டீசல் 93 வீதம் ஒரு லட்சம். ஆல்டோவுக்கு 85,000 ஆகிக்கொண்டிருக்கும். டஸ்டருக்கு ஆல்டோவைவிட வருடம் 20,000 கூடுதலாக ரிப்பேர் எழுதிக்கொள்கிறேன். இதெல்லாம் போக உங்கள் 18,000-இல் டஸ்டர் என்றால் மாதம் 15,000 மிஞ்சும், ஜிம்னி என்றால் 3,400.

இரண்டு வருடம் கழித்து மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். டஸ்டர் வாங்கியிருந்தால் கையில் கிட்டத்தட்ட 5 லட்சம், கடன் பூஜ்யம். ஜிம்னி வாங்கியிருந்தால் கையில் 3.8 லட்சம், கடன் பாக்கி 3.35 லட்சம். ஜிம்னிக்கு மறுவிற்பனை விலை அதிகம், உண்மைதான். ஐந்து வருடத்தில் ஜிம்னி 6 லட்சத்துக்கும் டஸ்டர் 2 லட்சத்துக்கும் போகும் என்று வைத்துக் கூட்டிப் பார்த்தால், இன்று நாலேகால் லட்சமாகத் தெரியும் வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்குள் சுருங்கிவிடுகிறது. ஆனால் வாசலில் நிற்கும் காரின் மதிப்பை வைத்து கல்லூரியில் கட்டணம் கட்ட முடியாது. அதனால்தான் நான் டஸ்டர் பக்கம்.

ஒரு சிக்கல் உண்டு. முதல் வருடம் கையில் 1.35 லட்சம்தான் இருக்கும், பெரிய ரிப்பேர் வந்தால் திணறல்தான். எனவே வண்டியைச் சோதிக்காமல் வாங்கவே கூடாது. மெக்கானிக்கோடு போய் ராம்ப்பில் ஏற்றிப் பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் பெட்டியைப் பாருங்கள்; எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருந்தால் விலகிவிடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடி நுனியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். காய்ந்த மண் மைதானத்தில் லாக் போட்டு மெதுவாக வட்டமடிக்கச் சொல்லுங்கள், ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்கக் கூடாது. முடிந்தால் வண்டியை உங்கள் ஏற்றத்துக்கே வரவழையுங்கள். உண்மையில் விற்க நினைப்பவர் டீசல் காசு கொடுத்தால் வருவார்.

கோவை, ஈரோடு பக்கம் 2016 முதல் 2019 வரையிலான ஏ.டபிள்யூ.டி. தேடுங்கள். சாதாரண டஸ்டரை “எல்லாம் ஒண்ணுதாங்க” என்று காட்டுவார்கள். கியருக்குப் பக்கத்தில் ஆட்டோ, லாக் போடும் திருகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 6.25 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். மார்ச் முடிவதற்குள் நல்லதாக ஒன்று அமையவில்லை என்றால், மழைக்கு முன் ஜிம்னிக்கே போகலாம், ஆனால் 10.25-க்கு அல்ல. 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் தொடங்கிய வண்டி அது. அந்த வருடக் கடைசியிலேயே பெரிய தள்ளுபடியில் விற்றார்கள். விற்பவரிடம் அசல் இன்வாய்ஸைக் கேளுங்கள். அவர் தள்ளுபடியில் வாங்கியிருந்தால் பேரம் அந்தத் தொகையிலிருந்து தொடங்கட்டும்.

எதை வாங்கினாலும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து ஆன அன்றே பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) அவரோடு போய்விடும். உங்கள் ஆல்டோவில் சேர்ந்த போனஸுக்குச் சான்றிதழ் வாங்கி வைத்தால், புது வண்டியின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம்.