கையால் செய்யும் சோப்பில் வண்ணச் சுழல்கள் எப்படிக் கலங்காமல் நிற்கின்றன?

சுழல் வடிவம் என்பது, இறுகாத சோப்புக் கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் வெவ்வேறு நிறம் ஏற்றி, ஒரே அச்சில் மாற்றி மாற்றி ஊற்றி, மெல்லிய குச்சியால் ஓரிரு முறை இழுத்து உண்டாக்கும் வரிகளாகும்.

எண்ணெயும் காரக் கரைசலும் (தண்ணீரில் கரைத்த காஸ்டிக் சோடா) வினைபுரிந்து சோப்பாக மாறும்போது கலவை சிறிது சிறிதாகக் கெட்டியாகிறது. கரண்டியிலிருந்து வழியும் கலவை மேற்பரப்பில் மெல்லிய தடம் பதித்து, சில நொடிகளில் அத்தடம் மறையுமானால், அதுவே சுழலுக்கு உகந்த பதம். தண்ணீரில் விட்ட மைத்துளி உடனே பரவிவிடும். பசையில் விட்ட துளியோ விழுந்த இடத்திலேயே நிற்கும். சோப்பிலும் நிகழ்வது இதுதான். பதம் மீறினால் நிறங்கள் வரியாக ஓடாமல் கட்டிகட்டியாக விழும்.

ஆலிவ் எண்ணெய் மிகுந்த கலவை மெதுவாகவே கெட்டியாவதால், புதிதாகத் தொடங்குவோருக்கு அதையே பரிந்துரைப்பேன். கிராம்பு எண்ணெய் போன்ற சில நறுமண எண்ணெய்கள் கலவையை விரைவில் இறுக்கிவிடும். காரம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்து வெட்டும்போதுதான் உள்ளே ஓடிய வரிகள் தெரியும்; ஒரு துண்டைப் போல் இன்னொன்று இருக்காது.

அதிகம் கிளறினால் நுணுக்கமான வடிவம் கிடைக்கும் எனப் பலர் நினைக்கின்றனர்; உண்மையில், அப்படிக் கிளறும்போது வரிகள் ஒன்றோடொன்று கலந்து, மங்கலான ஒரே நிறமே மிஞ்சுகிறது.